டெயில்ஸ்டாக் டை ஹோல்டர்: சிறிய லேத்தில் நீங்களே செய்துகொள்ள

கேள்வி இதுதான்: வீட்டில் ஒரு சிறிய பென்ச் லேத் இருக்கிறது. எம்.எஸ். (மிருதுவான எஃகு) ராடில் 25 மி.மீ. நீளத்துக்கு எம்8 மரை (8 மி.மீ. மெட்ரிக் மரை) போட வேண்டும். டையை (வெளிமரை வெட்டும் வட்டக் கருவி) மாட்டிய ஹேண்டிலைக் கையில் பிடித்துப் போட்டால் மரை கோணலாகப் போகிறது. நட்டை ஏற்றினால் தலையை ஆட்டிக்கொண்டே சுற்றுகிறது. டெயில்ஸ்டாக்கில் (லேத்தின் வலது முனையில் உள்ள தாங்கி) மாட்டும் டை ஹோல்டரை அதே லேத்தில் செய்ய முடியுமா? டெயில்ஸ்டாக்கின் துளை எம்.டி.2 (மோர்ஸ் டேப்பர் எண் 2 என்ற சரிவு அளவு). கையில் 20 மி.மீ., 25 மி.மீ. டைகள் இருக்கின்றன.

முடியும். நிதானமாகச் செய்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகும். ஆனால் இரும்பை வாங்குவதற்கு முன்னால், மரை ஏன் கோணலாகிறது என்று பார்த்துவிடலாம். அது புரிந்தால் ஹோல்டரில் எங்கே கவனம் வேண்டும், எங்கே வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும்.

டையின் வாயில் இரண்டு மூன்று பல்தான் சரிவாக இருக்கும். முதல் சுற்றிலேயே அது சாய்ந்து கடித்துவிட்டால், அப்புறம் தான் வெட்டிய மரையைப் பிடித்துக்கொண்டுதான் முன்னேறும். நீங்கள் கையால் நிமிர்த்தினாலும் கேட்காது. இரண்டு டிகிரி சாய்வு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 25 மி.மீ. போவதற்குள் அது கிட்டத்தட்ட 0.87 மி.மீ. ஒதுங்கியிருக்கும். எம்8 மரையின் ஆழமே 0.77 மி.மீ. தான். அதனால்தான் ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் வெறும் கீறலாகவும் வருகிறது. உங்கள் கை சரியில்லை என்று நினைக்க வேண்டாம். யார் கையிலும் இரண்டு டிகிரி சாயும்.

ஹோல்டர் வரும்வரை ஒரு தற்காலிக வழி உண்டு. ராடை சக்கில் (வேலைப் பீஸைப் பிடித்துச் சுற்றும் பகுதி) பிடித்து, டை ஹேண்டிலின் முதுகில் டெயில்ஸ்டாக் குயிலின் (முன்னால் நீளும் குழல்) தட்டையான முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு, சக்கைக் கையால் சுற்றுங்கள். முதல் நாலைந்து மரை நேராக விழுந்துவிடும். மீதிக்கு டை தானே வழி பார்த்துக்கொள்ளும். ஒன்றிரண்டு பீஸுக்கு இது போதும். இருபது பீஸ் என்றால் கை ஓய்ந்துவிடும்.

ஹோல்டர் என்பது இரண்டே பாகம். டெயில்ஸ்டாக்கின் டேப்பரில் உட்காரும் ஆர்பர் ஒன்று. அதன் உருண்டைப் பகுதியில் முன்னும் பின்னும் வழுக்கும் ஸ்லீவ் ஒன்று. ஸ்லீவின் முகத்தில் டை உட்காரும் குழி. டை வெட்டிக்கொண்டே சக்கை நோக்கி நகர, ஸ்லீவும் கூடவே ஆர்பரிலிருந்து வெளியே வரும். டெயில்ஸ்டாக் இருந்த இடத்திலேயே இருக்கும். இதில் முக்கியமான விஷயம் ஒன்றே ஒன்று: ஸ்லீவின் துளையும் டையின் குழியும் ஒரே அச்சில் இருக்க வேண்டும். வெளி விட்டம், நர்லிங் (கை வழுக்காதபடி போடும் சொரசொரப்பு), பாலிஷ் எல்லாம் பார்வைக்குத்தான்.

இதை நான் தெரிந்துகொண்டது பட்டுத்தான். நான் செய்த முதல் ஹோல்டர் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு பக்கத்திலிருந்து துளை போட்டு ரீமர் (துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் கருவி) ஓட்டினேன். பிறகு பீஸைத் திருப்பி மூன்று தாடை சக்கில் பிடித்து மறுபக்கம் குழியை போர் செய்தேன் (உள்ளே கடைந்தேன்). திருப்பிப் பிடித்ததில் ஏறிய ஆட்டத்தை டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) வைத்துப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மரை ஒருபக்கமாக விழுந்தது. டையைக் குறை சொன்னேன், டெயில்ஸ்டாக்கைக் குறை சொன்னேன். கடைசியில் ஒரு வயதான டர்னர் ஹோல்டரைக் கையில் வாங்கி, "திருப்பிப் பிடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பீஸ் இப்போது கதவுக்கு முட்டுக் கொடுக்க உதவுகிறது.

சரி, ஆர்பருக்கு வருவோம். எம்.டி.2 டேப்பரை நீங்களே கடையலாம், ஆனால் வேண்டாம் என்பேன். பெரிய முனை 17.78 மி.மீ.; சரிவு ஏறத்தாழ 20க்கு 1; காம்பவுண்ட் ஸ்லைடை (டூலைச் சாய்வாக ஓட்டும் மேல் ஸ்லைடு) 1 டிகிரி 26 நிமிடத்துக்கு மிகக் கொஞ்சம் குறைவாக வைக்க வேண்டும். ஸ்லைடின் டிகிரிக் கோட்டைப் பார்த்து இதை வைக்க முடியாது. நல்ல டேப்பர் ஒன்றை இரண்டு சென்டருக்கு நடுவில் மாட்டி, டயல் கேஜை டூல் போஸ்ட்டில் கட்டி, முள் அசையாமல் ஓடும்வரை ஸ்லைடைத் திருப்பித்தான் வைக்க வேண்டும். டூல் நுனி சென்டர் உயரத்தில் துல்லியமாக இல்லாவிட்டால் டேப்பர் நேராக வராது, லேசாக வளைந்து வரும். இதெல்லாம் கைகூடினாலும், சிறிய லேத்தின் காம்பவுண்ட் ஸ்லைடு பெரும்பாலும் அந்த 64 மி.மீ. நீளத்தை ஒரே ஓட்டத்தில் கடக்காது. ஒரு பக்கம் எம்.டி.2, மறுபக்கம் கடைசலுக்கு விட்ட மிருதுவான உருண்டை என்று ரெடிமேட் ஆர்பர் கிடைக்கிறது. அதை வாங்கிவிடுங்கள். எல்லாவற்றையும் நானே செய்வேன் என்ற வீம்பை ஸ்லீவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

காசு செலவழிக்க மனமில்லையென்றால் இன்னொரு வழி: பழைய இரும்புக் கடையில் உடைந்த டேப்பர் ஷாங்க் டிரில் கிடைக்கும். டிரில்லின் வெட்டும் பகுதிதான் கடினம். ஷாங்க் மிருதுவாகவே இருக்கும், கார்பைடு டூலில் கடையலாம். கழுத்தில் அறுத்து, முகத்தை ஃபேஸ் செய்து, 12 மி.மீ. துளை 30 மி.மீ. ஆழத்துக்குப் போர் செய்து, 12 மி.மீ. கிரவுண்ட் ராடை லாக்டைட் 638 பசை போட்டு ஒட்டிவிடலாம். ஆனால் ஸ்லீவ் துளையும் 12 ஆக வேண்டும். எம்8க்கு மேல் போனால் ஆர்பர் கொஞ்சம் நோஞ்சானாகத் தெரியும். நான் 16 மி.மீ. தான் விரும்புவேன்.

ரெடிமேட் ஆர்பரோ, ஒட்டியதோ, எதுவானாலும் அதன் உருண்டைப் பகுதியைச் சக்கில் பிடித்துக் கடைய வேண்டாம். உங்கள் லேத்தின் ஸ்பிண்டில் (சக்கைத் தாங்கிச் சுற்றும் தண்டு) டேப்பர் என்னவென்று பாருங்கள். இந்த அளவு லேத்துகளில் பெரும்பாலும் எம்.டி.3 இருக்கும். சக்கைக் கழற்றிவிட்டு, 3க்கு 2 ரெட்யூசிங் ஸ்லீவ் போட்டு, ஆர்பரை நேராக ஹெட்ஸ்டாக்கில் சொருகுங்கள். எந்த டேப்பரில் அது வேலை செய்யப்போகிறதோ அதே டேப்பரைப் பிடித்துக் கடைவதால் உருண்டையும் டேப்பரும் ஒரே அச்சில் வந்துவிடும். பின்னால் டிரா பார் (ஆர்பரை இழுத்துப் பிடிக்கும் நீளக் கம்பி) போட்டு இழுத்துக்கொள்ளுங்கள். மரைத் துளை இல்லாமல் நாக்கு வைத்த ஷாங்க் என்றால் ரிவால்விங் சென்டர் கொடுத்து, லேசான கட்டாக எடுங்கள். இல்லாவிட்டால் டேப்பர் விட்டுக்கொடுத்துச் சுற்றி, ஸ்பிண்டில் உள்ளே கீறல் விழும்.

உருண்டை 15.98 மி.மீ., நீளம் 60 மி.மீ. வேரில் 20 மி.மீ. விட்டத்தில் சின்னத் தோள் இருந்தால் ஸ்லீவ் அதில் போய் முட்டி நிற்கும். கடைசி கட்டை எடுத்துவிட்டு நீர்த்தாளால் லேசாகத் தேய்க்கலாம்; தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது கூடாது, நடுவில் குழிந்துவிடும்.

ஆர்பரை அங்கேயே விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் ஸ்லீவுக்குத் துளை போடச் சக்கு வேண்டும். ஆர்பரை எடுத்தால் மறுபடி சொருகும்போது அதே நிலையில் உட்கார, ஆர்பரிலும் ஸ்பிண்டில் மூக்கிலும் ஒரு மார்க்கர் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்லீவை வெட்டுவதற்கு முன் ஒரு வேலை. டைகளை வெர்னியரில் அளந்து பாருங்கள். நம் கடைகளில் இரண்டு குடும்பத்து டைகள் கலந்து கிடக்கும். ஜெர்மன் அளவில் எம்3, எம்4 டை 20 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமன், எம்5, எம்6 அதே 20, ஆனால் 7 தடிமன், எம்8க்கு 25, 9 தடிமன், எம்10க்கு 30, 11 தடிமன், எம்12க்கு 38, 14 தடிமன். பழைய பிரிட்டிஷ் அளவில் பதினாறில் பதின்மூன்று அங்குலம், அதாவது 20.64 மி.மீ.; அப்புறம் ஓர் அங்குலம், 25.4 மி.மீ. உள்ளே எம்8 மரை என்று எழுதியிருந்தாலும் வெளியே அங்குல அளவாக இருக்கலாம். 25க்குக் குழி போட்டால் அங்குல டை நுழையாது. 25.4க்குப் போட்டால் 25 டை உள்ளே ஆடும். ஸ்க்ரூவை இறுக்கும்போது ஒரு பக்கம் ஒதுங்கிப்போய், நீங்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த அச்சு வீணாகும். எந்தக் குடும்பம் உங்களிடம் அதிகமோ அதற்கே செய்யுங்கள்.

இரண்டு முனையிலும் இரண்டு குழி, அல்லது ஒரே பெரிய குழிக்குள் வளையங்கள் போட்டுச் சின்ன டைகளை மாட்டுவது, இப்படியெல்லாம் படங்களில் பார்த்திருப்பீர்கள். வளையம் எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு வளையமும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஆட்டத்தைச் சேர்க்கும். ஆர்பர் ஒன்று, ஸ்லீவ் இரண்டு. செலவு ஒரு துண்டு ராட்தான்.

25 டைக்கான ஸ்லீவ்: 40 மி.மீ. ராட், நீளம் 82 மி.மீ. எம்.எஸ். போதும், இ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு) என்றால் ஃபினிஷ் நன்றாக வரும். ஹார்டனிங் எதுவும் தேவையில்லை. சக்கில் பிடித்து முகம் எடுத்து, சென்டர் டிரில், 10, 15.5 என்று படிப்படியாகத் துளை. கடைசியில் குறைந்த வேகத்தில் எண்ணெய் விட்டு 16 மி.மீ. ரீமர். ரீமர் நேரான துளையைக் கொடுக்காது. டிரில் போன வழியிலேயேதான் போகும். சிறிய லேத்தில் இவ்வளவு ஆழத்துக்கு போரிங் பாரை நீட்டினால் அது அதிர்ந்து பாட ஆரம்பித்துவிடும். அதனால் துளை வெளிவிட்டத்தோடு கொஞ்சம் கோணலாக இருந்தால் இருக்கட்டும். நமக்குக் கவலையில்லை. காரணம் அடுத்த வேலையில் இருக்கிறது.

ஆர்பரை மறுபடி ஹெட்ஸ்டாக்கில் சொருகுங்கள். ஸ்லீவை அதன்மேல் தள்ளுங்கள். நல்ல ஃபிட் என்றால், முன்முனையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தள்ளும்போது காற்று எதிர்க்கும். கையை எடுத்தால் அலுங்காமல் போய் உட்காரும். ஸ்லீவின் பக்கவாட்டில் எம்8 மரைத் துளை ஒன்று போட்டுவிடுங்கள். பின்னால் கைப்பிடிக் கம்பி மாட்டவும் அதுதான். இப்போதைக்கு அதற்குள் சின்னப் பித்தளைத் துண்டைப் போட்டு, மேலே கிரப் ஸ்க்ரூவால் (தலையில்லாத ஸ்க்ரூ) இறுக்குங்கள். பித்தளை இல்லாமல் இறுக்கினால் ஆர்பரில் பிசிறு எழும்பி, அப்புறம் ஸ்லீவ் சிக்கிக்கொள்ளும்.

இப்போது ஸ்லீவ் தன் துளையின் அச்சிலேயே சுற்றுகிறது. வெளிவிட்டத்தை ஒரு தடவை லேசாக ஓட்டினால் துளையோடு ஒத்துவிடும். பிறகு குழி. 25 டைக்கு 25.05 முதல் 25.1 மி.மீ. வரை, ஆழம் 8.5. டை 9 மி.மீ. என்பதால் அரை மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தோள் வரைக்கும் மரை போட அது உதவும். குழியின் தரை சதுரமாக இருக்க வேண்டும், மூலையில் டூல் ரேடியஸ் தங்கக் கூடாது. டை தரையில் ஒட்டி உட்காராவிட்டால் மறுபடியும் அதே இரண்டு டிகிரிக் கதைதான். தரைக்குப் பின்னால் 18 மி.மீ. விட்டத்தில் 12 மி.மீ. ஆழத்துக்கு இன்னொரு படி எடுங்கள், சுருள் தேங்க இடம் வேண்டும். அந்தப் படிக்கு நேராகப் பக்கவாட்டில் 8 மி.மீ. ஜன்னல் துளை மூன்று போட்டால் சுருள் வெளியே விழும், எண்ணெயும் அதே வழியாக விடலாம். ஆர்பரில் நீட்டிக்கொண்டு சுற்றுகிற வேலை இது. கட்டை 0.2 மி.மீ.க்குமேல் எடுக்காதீர்கள்.

பலரும் கேட்பது: ஆர்பரின் நடுவே துளை வேண்டாமா, ராட் போய் முட்டாதா? யோசித்துப் பாருங்கள். ராட் சக்கில், ஆர்பர் டெயில்ஸ்டாக்கில், இரண்டும் நகர்வதில்லை. நடுவில் ஸ்லீவ் மட்டும்தான் நகர்கிறது. ஆரம்பத்தில் ராடின் முனைக்கும் ஆர்பருக்கும் எவ்வளவு இடைவெளியோ, முடிவிலும் அதே இடைவெளிதான். ஸ்லீவ் 30 மி.மீ. வெளியே வந்த பிறகும் இன்னொரு 30 மி.மீ. ஆர்பரைப் பிடித்துக்கொண்டிருக்கும், உங்கள் 25க்கு அது தாராளம். அதைவிட நீள மரைக்கு டெயில்ஸ்டாக்கை முன்னால் தள்ள வேண்டியிருக்கும்; அப்போதுதான் ஆர்பருக்குள் 9 மி.மீ. துளை தேவைப்படும்.

அடுத்து ஸ்க்ரூக்கள். பிளவு டைக்கு மூன்று வேண்டும்: நடுவில் உள்ளது பிளவுக்குள் நுழைந்து டையை விரிக்கும், பக்கத்தில் உள்ள இரண்டும் டையைச் சுருக்கும், சுற்றாமலும் பிடித்துக்கொள்ளும். ஸ்க்ரூ முனை உட்கார டையின் விளிம்பில் இருக்கும் சின்னக் குழிகள் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்று படம் தேட வேண்டாம். உங்கள் கையில் உள்ள டையையே குழியில் வைத்து, ஸ்லீவின் முகத்தில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். உயரக் கணக்கில் ஒரு சின்னச் சூட்சுமம் இருக்கிறது. 9 மி.மீ. டையின் நடு, தரையிலிருந்து 4.5. ஸ்க்ரூத் துளையை 4.5இல் போடாமல் 4.3இல் போடுங்கள். அந்த 0.2 வித்தியாசத்தால், இறுக்கும்போது கூம்பு முனை டையைத் தரையை நோக்கி இழுத்து உட்கார வைக்கும். எம்5 என்றால் 4.2 டிரில், பிறகு டாப். கூம்பு முனை கிரப் ஸ்க்ரூவாகவே கேட்டு வாங்குங்கள். தட்டை முனையை வாங்கி வந்து லேத்தில் கூராக்க நினைத்தால், அது ஹார்டன் செய்தது, டூல்தான் போகும்.

20 டை ஸ்லீவுக்கு வெளிவிட்டம் 34, குழி 6.5 ஆழம், எம்4 ஸ்க்ரூ, துளை தரையிலிருந்து 3.3. எம்3, எம்4 டைகள் 5 மி.மீ. தடிமன்தானே என்றால், பின்னால் 1 மி.மீ. வளையம் ஒன்றைப் போடுங்கள். டையின் நடு சரியாக 3.5க்கு வந்துவிடும். வளையம் பிடிக்காது என்றேன். இது டைக்குப் பின்னால் உட்காரும் வாஷர் போன்றது, அச்சைத் தொடாது.

கையால் பிடிக்க நர்லிங் போடுங்கள். எம்6 வரை அதுவே போதும். எம்8க்கு எம்8 துளையில் ஒரு கம்பியை மாட்டிப் பிடித்துக்கொள்ளலாம். ஆர்பரில் சாவிக்காடி வெட்டி, ஸ்லீவ் சுற்றாமல் வழுக்க மட்டும் செய்கிற மாதிரியும் செய்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டை தோளில் முட்டும் நேரத்தில் ஸ்லீவ் சுற்றிவிட வேண்டும். கையை விட்டால் சுற்றுகிற ஸ்லீவ்தான் உங்கள் கிளட்ச். சாவி போட்டுவிட்டால் மரை உரிந்துபோகும், அல்லது டை உடையும்.

கம்பி மாட்டியிருக்கும்போது மோட்டாரை ஓட்டவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சக்கைக் கையால் சுற்றுங்கள். ஸ்பிண்டிலின் பின்பக்கத் துளையில் விரிந்து பிடிக்கிற கைப்பிடி ஒன்று செய்துகொண்டால் இன்னும் சுகம். நர்லிங்கை மட்டும் பிடித்து மோட்டாரில் ஓட்டுவது எம்5 வரை, அதுவும் 60 ஆர்.பி.எம். அளவில், கையுறை இல்லாமல். சிறிய லேத் பலவற்றில் அவ்வளவு குறைந்த வேகமே இருக்காது, அப்போது கையால்தான்.

மரை போடுமுன் ராடை 8க்குச் சரியாக விடாதீர்கள். பிட்ச்சில் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்) பத்தில் ஒரு பங்கைக் கழிப்பது என் கணக்கு: எம்8க்கு 7.87, எம்6க்கு 5.9, எம்10க்கு 9.85. முனையில் 45 டிகிரி சாம்ஃபர் (விளிம்புச் சரிவு), எம்8க்கு நுனி 6.4 மி.மீ. ஆகும்வரை. டையில் அளவு எழுதியிருக்கும் முகம் பொதுவாக ராடைப் பார்க்க வேண்டும், சரிவான பல் அந்தப் பக்கம்தான் நீளம். தோள்வரை மரை வேண்டுமானால் முடிந்த பிறகு டையைத் திருப்பிப் போட்டு ஒரு தடவை ஓட்டுங்கள். முதல் ஓட்டத்துக்கு நடு ஸ்க்ரூவால் டையைக் கொஞ்சம் விரித்து வைத்து, நட்டைப் போட்டுப் பார்த்து, இரண்டாவது ஓட்டத்தில் சுருக்குங்கள். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், சுருள் உடையட்டும். எம்.எஸ்.ஸுக்குக் கட்டிங் ஆயில். பழைய எஞ்சின் ஆயில் வழுக்கத்தான் செய்யும், வெட்ட உதவாது. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். பித்தளைக்கு ஒன்றும் வேண்டாம்.

அறுகோணமாக, ஸ்பேனர் போட்டுத் திருப்புகிற டை நட்டை இதில் மாட்ட முயல வேண்டாம். அது துருப்பிடித்த, நசுங்கிய மரையைச் சரிசெய்வதற்கு. புதிதாக வெட்டுவதற்கு அல்ல.

ஹோல்டர் எல்லாம் சரியாக இருந்தும் மரை ஒருபக்கமாக வந்தால் டெயில்ஸ்டாக்கைப் பாருங்கள். டயல் கேஜைச் சக்கில் கட்டி, முள்ளை டெயில்ஸ்டாக்கில் உள்ள ஆர்பரின் உருண்டையில் வைத்து, சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் முள் காட்டும் வித்தியாசத்தில் பாதி, டெயில்ஸ்டாக் எவ்வளவு ஒதுங்கியிருக்கிறது என்பது. பக்கவாட்டு ஸ்க்ரூக்களைத் தளர்த்திச் சரிசெய்யலாம்.

எம்12 கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். பிட்ச் 1.75, அந்த இரும்பை ஒரே ஓட்டத்தில் எடுக்கச் சிறிய லேத்தின் சக்கு திணறும், ராட் சக்கில் வழுக்கும். லீட் ஸ்க்ரூ கியர் மாற்றி, டூலால் மரையை மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு வெட்டிவிட்டு, கடைசிப் பங்கை மட்டும் டையில் எடுங்கள். அதற்கு 38 மி.மீ. குழியுடன் மூன்றாவது ஸ்லீவ் வேண்டும். ராட் 55 மி.மீ. எடுத்துக்கொள்ளுங்கள், ஆர்பர் அதேதான்.